மன்னரையும் சிறுவனையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்: திரைப்படச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் நகரத் திரைப்படச் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் கவனத்திற்கு,

ஏப்ரல் மாதச் சாப்ளின் விழாவுக்கான நிகழ்ச்சிநிரல் அச்சாகி வந்துவிட்டது. பொதுக்குழுவில் படித்துக் காட்டிய வரைவுப் பட்டியலில் இருந்த ‘எ கிங் இன் நியூயார்க்’ அதில் இல்லை. அந்த இடத்தில் ‘தி கோல்ட் ரஷ்’ மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறது. காரணம் கேட்டவர்களுக்கு நீங்கள் சொன்னவை: முதுமையில் தளர்ந்துபோய் எடுத்த படம், பேச்சு அதிகம், அரசியல் நெடி வேறு, பள்ளிப் பிள்ளைகள் வரும் விழாவுக்குப் பொருந்தாது. இவற்றில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நேரில் சொன்னபோது செயலாளர் ‘அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்’ என்றார். போன ஆண்டும் இதே பதில்தான் கிடைத்தது. ஆகவே சந்தா கட்டும் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

‘தி கோல்ட் ரஷ்’ மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பசியில் செருப்பை வேகவைத்துத் தின்னும் காட்சிக்கு இன்றைக்கும் மண்டபம் அதிர்கிறது, அதிரட்டும். ஆனால் ஆண்டுதோறும் அதே நான்கைந்து படங்களைச் சுற்றிச் சுற்றிப் போடுகிறோம். 1940இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ எடுத்ததோடு சாப்ளின் கடையை மூடிவிட்டார் என்று நம் இளைய உறுப்பினர்கள் நம்புகிறார்கள். அதற்குப் பிறகும் அவர் படம் எடுத்தார். அவற்றில் ஒன்றான ‘எ கிங் இன் நியூயார்க்’ படத்தை நாம் ஒரு முறை திரையிட்டோம். எப்படித் திரையிட்டோம் என்பதைத்தான் முதலில் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

மாலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய படம். சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, நினைவுப்பரிசு கொடுத்து, வாழ்த்துரை, சிறப்புரை, அதற்கு ஒரு நன்றியுரை எல்லாம் முடிந்து விளக்கு அணைந்தபோது ஏழேகால் தாண்டியிருந்தது. சப்டைட்டில் கிடையாது. முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஆங்கில வசனங்களுக்கு நெளிந்தார்கள். சாப்ளின் உடம்பால் பேசிய இடங்களில் மட்டும் நிமிர்ந்தார்கள். விசாரணைக் குழுவின் முன் மன்னர் தீயணைப்புக் குழாயோடு வந்து நிற்க, தண்ணீர் பீறிட்டுக் குழு உறுப்பினர்கள் தொப்பலாக நனையும் கட்டம் வந்தது. பிள்ளைகள் கைதட்டி எழுந்தேவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மண்டபக் காவலாளி விளக்கைப் போட்டார். வாடகை நேரம் முடிந்துவிட்டதாம். ‘கிளைமாக்ஸ் முடிந்துவிட்டது, இனிப் பெரிதாக ஒன்றுமில்லை’ என்று மைக்கில் அறிவித்துவிட்டு ப்ரொஜெக்டரை அணைத்தீர்கள்.

பெரிதாக ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்ன அந்தக் கடைசி நிமிடங்களுக்காகத்தான் அந்தப் படமே எடுக்கப்பட்டிருக்கிறது. அன்று மண்டபத்தை விட்டுச் சிரித்துக்கொண்டே போனவர்கள் அனைவரும் வேறு ஏதோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த அரைகுறைத் திரையிடலுக்கு வந்த சுமாரான வரவேற்பைத்தான் இன்று ‘மக்கள் ரசிக்கவில்லை’ என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறீர்கள். இது எந்த ஊர் நியாயம்?

படத்தைப் பற்றி நம் மேடையில் யாரும் முறையாக எடுத்துச் சொன்னதில்லை. அதனால் நானே சற்று விரித்துச் சொல்கிறேன்.

1952 செப்டம்பரில் ‘லைம்லைட்’ படத்தின் லண்டன் வெளியீட்டுக்காகச் சாப்ளின் குடும்பத்தோடு நியூயார்க்கில் குயின் எலிசபெத் கப்பலில் ஏறினார். கப்பல் கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே, அவர் அமெரிக்கா திரும்புவதற்கான அனுமதியை ரத்து செய்துவிட்டதாக அந்நாட்டு அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் மெக்கிரானெரி அறிவித்தார். ஏறக்குறைய 40 ஆண்டுகள் வாழ்ந்த நாட்டுக்குள் மறுபடி நுழைய வேண்டுமானால், தன் அரசியலுக்கும் நடத்தைக்கும் அவர் அதிகாரிகள் முன் பதில் சொல்லியாக வேண்டும். சாப்ளின் போகவில்லை. சுவிட்சர்லாந்தில் வெவே நகரத்துக்கு அருகே குடியேறிவிட்டார். 1956இல், 67 வயதில், லண்டனுக்கு அருகிலுள்ள ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் நியூயார்க்கை அரங்கமாகப் போட்டு எடுத்த படம் இது. 1957 செப்டம்பரில் லண்டனில் வெளியானது. அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வர 1970கள் ஆயின. அவர் முதன்மைப் பாத்திரத்தில் நடித்த கடைசிப் படமும் இதுதான். இதற்குப் பின் 1967இல் வெளிவந்த படத்தில் அவர் சில நொடிகளே தலைகாட்டுகிறார்.

எஸ்ட்ரோவியா என்ற கற்பனை நாட்டின் மன்னர் ஷாடோவ், புரட்சியில் அரியணை இழந்து நியூயார்க் வந்து இறங்குகிறார். விமான நிலையத்தில் நிருபர்கள் சூழ்ந்துகொள்ள, இந்தச் சுதந்திர பூமியின் பெருந்தன்மை தன்னை நெகிழவைக்கிறது என்று உருக்கமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார். அவர் பேசப் பேச, பக்கத்தில் ஓர் அதிகாரி அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மையில் தோய்த்து ரேகை எடுத்துக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு காட்சிக்குச் சப்டைட்டிலும் வேண்டாம், முன்னுரையும் வேண்டாம். இதை எடுத்தவரைத் தளர்ந்துபோனவர் என்று எப்படிச் சொல்ல மனம் வந்தது?

கஜானாவைப் பிரதமர் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார். கையில் காசில்லாத மன்னர், ரிட்ஸ் ஓட்டலில் தங்கிக்கொண்டு, தொலைக்காட்சி விளம்பரங்களில் நடித்துப் பிழைக்கும் நிலைக்கு வருகிறார். இரவு விருந்துக்கு அழைத்துப்போய், அவருக்கே தெரியாமல் மறைத்துவைத்த கேமரா வழியாக நாடு முழுவதும் ஒளிபரப்பிவிடுகிறார்கள். பக்கத்தில் அமர்ந்து இனிக்க இனிக்கப் பேசும் பெண் பேச்சின் நடுவே சட்டென்று திரும்பி வியர்வை நாற்றம் போக்கும் மருந்துக்கு விளம்பரம் படிக்கிறாள். மன்னருக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்கும் தெரியாமல் படம்பிடித்து உலகத்துக்கே காட்டுவது இன்று நம் பிள்ளைகளுக்கு அன்றாடம். 1957இலேயே சாப்ளின் இதைத் திரையில் காட்டிவிட்டார். நைட் கிளப்பில் வாத்தியச் சத்தத்தில் காது கேட்காத பரிசாரகரிடம் மீன்முட்டையும் ஆமை சூப்பும் வேண்டும் என்று அபிநயத்தாலேயே சொல்வார். ஊமைப் படக் காலத்துச் சாப்ளின் எங்கும் போய்விடவில்லை என்பதற்கு அந்த ஒரு மேசையே சாட்சி.

இவ்வளவும் படத்தின் மேல்பூச்சு. உள்ளே இருப்பது ஒரு சிநேகிதம்.

மன்னர் ஒரு நவீனப் பள்ளியைப் பார்க்கப் போகிறார். பிள்ளைகள் அவரவர் விருப்பப்படி எதையும் செய்யலாம் என்ற கொள்கையுள்ள பள்ளி. அங்கே மன்னர் படும் பாடு தனிக் கதை. அவர்களுக்கு நடுவே ரூபர்ட் மக்காபி என்ற சிறுவன் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறான். பத்து வயது இருக்கும். படிப்பது கார்ல் மார்க்ஸ். ‘நீ கம்யூனிஸ்டா?’ என்று மன்னர் கேட்க, மார்க்ஸைப் படிக்கக் கம்யூனிஸ்டாகத்தான் இருக்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்கிறான். அவ்வளவுதான், மடை திறந்துகொள்கிறது. எந்த வடிவத்து அரசாங்கமும் தனக்குப் பிடிக்காது, தலைமை என்பதே அதிகாரம், பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு மனிதனால் கால் விரலைக்கூட அசைக்க முடியாதபடி செய்துவிட்டார்கள் என்று பொரிந்து தள்ளுகிறான். மாவட்ட அளவில் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கிய பையனின் அதே கை, அதே கழுத்து நரம்பு, அதே மூச்சுவிடாத வேகம். மன்னர் பதில் சொல்ல வாயைத் திறக்கிறார், மூடுகிறார், விரலை உயர்த்துகிறார், ‘ஆனால்’ என்கிறார், பையன் மறித்துப் போய்க்கொண்டே இருக்கிறான். ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்.

அந்தச் சிறுவன் மைக்கேல் சாப்ளின். சாப்ளினின் சொந்த மகன். பாஸ்போர்ட்டைப் பற்றிய அந்த ஆவேசம் யாருடையது என்று விளக்க வேண்டியதில்லை. நடுக்கடலில் கதவு சாத்தப்பட்டவர் தன் ஆத்திரத்தை மகன் வாயில் கொடுத்துவிட்டு, எதிரே நின்று அந்த ஆத்திரத்திடம் திட்டு வாங்கும் கிழவன் வேடத்தைத் தான் எடுத்துக்கொண்டார். தன் கோபத்தையே நகைச்சுவையாக்கிக்கொள்ள எத்தனை பேருக்கு முடியும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரூபர்ட்டைச் சாப்ளின் செல்லப்பிள்ளையாக்கவில்லை. அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவனைச் சகிக்க முடியவில்லை. ஒரு மன்னரும் அரசாங்கமே வேண்டாம் என்கிற பையனும் எந்தக் காலத்திலும் ஒத்துப்போக மாட்டார்கள். படம் முடியும்வரை ஒத்துப்போகவும் இல்லை. வயது வித்தியாசத்தைத் தாண்டிய நட்பு என்று எடுக்கப்படும் படங்களில் ஒருவர் மற்றவருக்குப் பாடம் சொல்லித் திருத்துவார். இங்கே யாரும் யாரையும் திருத்தவில்லை.

பிறகு ஒரு நாள் பள்ளியிலிருந்து ஓடிவந்த ரூபர்ட் குளிரில் நனைந்து நடுங்கிக்கொண்டு ஓட்டலுக்கு வெளியே நிற்கிறான். மன்னர் அழைத்துவந்து ஈரத்துணியைக் களையச் சொல்லி, உண்ணக் கொடுத்து, தன் தூதரைக் கடைக்கு அனுப்பித் துணி வாங்கிவரச் சொல்கிறார். அணுசக்தி ஆணையத்தார் மன்னரைச் சந்திக்க வருகிறார்கள். அணுவை ஆக்கத்துக்குப் பயன்படுத்தும் திட்டம் ஒன்று மன்னரிடம் இருக்கிறது. நாட்டில் அவர் பதவி போனதற்கே அதுதான் காரணம். மன்னரின் உறவுக்காரப் பையன் என்று நினைத்து ரூபர்ட்டிடம் அவர்கள் பேச்சுக்கொடுக்க, அவன் தன் பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுகிறான். வந்தவர்களின் முகம் போகும் போக்கைப் பார்த்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது.

அந்தச் சிரிப்புக்கு அடியில் இருக்கிறது விஷயம். ரூபர்ட்டின் பெற்றோர் முன்னாள் கம்யூனிஸ்டுகள். கம்யூனிஸ்டுகளைத் தேடிப்பிடிக்க முனைந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின், அதாவது அமெரிக்கர்க்கு ஒவ்வாத செயல்களை விசாரிக்கும் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, தங்கள் பழைய நண்பர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்ததற்காகச் சிறைக்குப் போகிறார்கள். எல்லோரும் நீ கம்யூனிஸ்டா, நீ கம்யூனிஸ்டா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், உங்களுக்கெல்லாம் அதுதான் திருப்தி என்றால் நான் கம்யூனிஸ்ட்தான் என்று அந்தப் பையன் மன்னரிடம் வெடிக்கும் இடம் ஒன்று உண்டு. பள்ளியில் பிரசங்கம் செய்த அதே குரல், ஆனால் இப்போது அதில் கோப்பை வாங்கும் மிடுக்கு இல்லை.

இதெல்லாம் மிகை என்று தோன்றினால் காலத்தைப் பாருங்கள். 1947இல் அந்தக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்த ஹாலிவுட் எழுத்தாளர்களும் இயக்குநர்களுமாகப் பத்துப் பேர் 1950இல் சிறைக்குப் போனார்கள். சாப்ளினுக்கும் சம்மன் வந்தது. தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, கடைசிவரை அவரை அழைக்கவேயில்லை. 1953 ஜூனில் ஜூலியஸ், எத்தல் ரோசன்பெர்க் தம்பதியை உளவுக் குற்றத்துக்காக மின்சார நாற்காலியில் உட்காரவைத்தபோது, வெளியே 10 வயதிலும் 6 வயதிலும் இரண்டு மகன்கள் இருந்தார்கள். சாப்ளின் அவர்களை மனதில் வைத்துத்தான் ரூபர்ட்டைப் படைத்தார் என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் பெற்றோரின் அரசியலுக்குப் பிள்ளைகள் விலை கொடுத்த ஆண்டுகள் அவை.

இனி நீங்கள் அணைத்துவிட்ட பகுதி.

மன்னர் ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறார். போகும் முன் ரூபர்ட்டைப் பார்க்கப் பள்ளிக்கு வருகிறார். தலைமையாசிரியர் பூரிப்போடு வரவேற்கிறார்: பையன் நல்ல முறையில் ஒத்துழைத்தான், பெற்றோருக்கு விடுதலை, அவன் ஒரு தேசபக்தன். பெற்றோர் சொல்ல மறுத்த பெயர்களை அவர்களைச் சிறையிலிருந்து மீட்பதற்காக அவன் சொல்லிவிட்டிருக்கிறான். ரூபர்ட் உள்ளே வருகிறான். பேச்சு இல்லை. மடை திறந்ததுபோல் பேசிய வாய் அது. இப்போது தலை நிமிரவில்லை. மன்னர் அவனை அணைத்துக்கொள்கிறார், அவன் அழுகிறான். எல்லாம் சரியாகிவிடும், உன் பெற்றோரோடு ஐரோப்பாவுக்கு வந்து என்னோடு தங்கு என்பதற்கு மேல் அந்த மன்னரால் எதுவும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் தலைமையாசிரியர் இன்னும் புன்னகை மாறாமல் நிற்கிறார். எனக்கு அந்தப் புன்னகைதான் தாங்கவில்லை.

தண்ணீர் பீய்ச்சும் காட்சியோடு நிறுத்தினால் மன்னர் ஜெயித்துவிட்டார். அதற்கு அடுத்த காட்சியில்தான் தெரிகிறது, யார் தோற்றது என்று.

‘தி கிட்’ படத்தை ஆண்டு தவறாமல் போடுகிறீர்கள். 1921இல் வந்த அந்தப் படத்தில் அநாதை விடுதி வண்டி, சிறுவனாக நடித்த ஜாக்கி கூகனைத் தூக்கிக்கொண்டு போகும்போது, சாப்ளின் கூரைக்குக் கூரை தாவி ஓடி, வண்டியில் குதித்து, அதிகாரியை உதைத்துத் தள்ளி, பிள்ளையை மீட்டு வாரி அணைத்துக்கொள்வார். நம் மண்டபத்தில் அந்தக் கட்டத்தில் விசில் பறக்கும். 36 ஆண்டுகள் கழித்து அதே மனிதர், நரைத்த தலையோடு, இன்னொரு சிறுவனோடு நிற்கிறார். அரசாங்கத்தின் ஆட்கள் வந்து அந்தச் சிறுவனை அழைத்துக்கொண்டு போகிறார்கள். இந்த முறை கூரை இல்லை, தாவலும் இல்லை. இந்த முறை அவர்கள் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், ஆனால் உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு கொடுக்கிறார்கள். முதல் படத்தை மட்டும் காட்டிக்கொண்டே இருப்பது சாப்ளினைப் பாதி அளவுக்குக் குறைப்பதாகும். உதைத்தால் அதிகாரம் விழுந்துவிடும் என்று இளமையில் சொன்னவர் முதுமையில் என்ன சொன்னார் என்று கேட்க நமக்கு விருப்பமில்லையா?

குறைகளை நான் மறைக்கவில்லை. லண்டனை நியூயார்க் என்று நம்பச் சொல்லும் அரங்கங்கள் பல இடங்களில் பல்லிளிக்கின்றன. அமெரிக்கர்கள் பலர் அசல் இங்கிலாந்துக்காரர்கள் போலப் பேசுகிறார்கள். பக்கத்து அறையில் குளிக்கும் பெண்ணை மன்னரும் தூதரும் சாவித் துவாரம் வழியாக எட்டிப்பார்க்கும் காட்சி இன்று பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அன்றே இருந்திருக்க வேண்டும். முகத்தை இழுத்துக் கட்டும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மன்னர் சிரிக்கக் கூடாமல் தவிக்கும் பகுதி சிரிப்பாக இருந்தாலும் படத்தோடு ஒட்டவில்லை. நடுவில் தொய்வும் உண்டு. ஆனால் குறையில்லாத படங்களைத்தான் போடுவோம் என்றால் நம் சங்கத்தின் பட்டியலில் பாதி கழிந்துவிடும். இத்தாலிய இயக்குநர் ரொபர்த்தோ ரொஸ்ஸெல்லினி இதைச் சுதந்திர மனிதன் ஒருவனின் படம் என்றார். அவர் குறைகளைப் பார்க்காமலா சொல்லியிருப்பார்?

பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்ற வாதம்தான் எனக்குப் பெரிய வியப்பு. விடுமுறையில் எங்கள் குடியிருப்பின் கூட்ட அறையில் இதைத் திரையிட்டோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர், அவர்களுடைய தாத்தா பாட்டிகள், ஓய்வுபெற்ற ஊழியர்கள் சிலர். பேச்சு வந்த இடத்தில் நிறுத்தி, நான்கு வரியில் தமிழில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தோம். ரூபர்ட் மன்னரைப் பேசவே விடாத காட்சிக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ‘இன்னொரு முறை போடுங்கள்’ என்று கேட்டு அந்தப் பகுதியை மட்டும் மறுபடியும் பார்த்தார்கள். பெரியவர்களைப் பேசவிடாமல் பேசுவதை இவ்வளவு முறையாக யாரும் அவர்களுக்குக் காட்டியிருக்க மாட்டார்கள்.

படம் முடிந்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: ‘அப்பா அம்மாவைக் காப்பாற்றத்தானே பெயர்களைச் சொன்னான், நல்லதுதானே செய்தான், பிறகு ஏன் அழுகிறான்?’ பக்கத்திலிருந்த தாத்தா, ‘சின்னப் பையன், பயந்துவிட்டான், அவ்வளவுதான் கண்ணு’ என்று சமாதானம் சொல்லப் பார்த்தார். இன்னொருவர் விடவில்லை. தான் வேலையில் இருந்த நாளில் ஒரு வேலைநிறுத்தம் முடிந்த பிறகு மேலதிகாரி ஒருவர் தன்னை அறைக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்துக் கொடுத்து, யார் யார் முன்னின்றார்கள் என்று கேட்டதைச் சொன்னார். ‘அந்தக் காபியைக் குடிக்கலாமா வேண்டாமா என்பதே அன்றைக்குப் பெரிய கேள்வி’ என்றார். குடித்தாரா என்று பிள்ளைகள் கேட்டார்கள். குடித்தேன், பெயர் சொல்லவில்லை என்றார். அப்படியானால் வேலை என்னாயிற்று, பதவி உயர்வு என்னாயிற்று, சொன்னவர்கள் யார், அவர்களோடு பிறகு பேசினீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை. ரூபர்ட் செய்தது சரியா தவறா என்பதில் அன்று முடிவும் எட்டவில்லை. அந்தச் சிறுமியும் அவளுடைய தாத்தாவும் கடைசிவரை எதிரெதிர்க் கட்சிதான்.

இதைத்தான் அரசியல் நெடி என்று சொல்லி விலக்குகிறீர்கள். எழுபது வயதுக்காரரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் சரிக்குச் சரியாக உட்கார்ந்து வாதாட ஒரு படம் கிடைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, தாத்தாக்களுக்குக் காலையில் ஒரு நிகழ்ச்சி, பிள்ளைகளுக்கு மாலையில் வேறொரு நிகழ்ச்சி என்று பிரித்துப் போட்டிருக்கிறீர்கள். சங்கத்தில் மூத்தவர்கள் பேசுகிறார்கள், இளையவர்கள் நாற்காலி அடுக்குகிறார்கள் என்று முணுமுணுப்பு இருப்பது உங்களுக்கும் தெரியும்.

ஆகவே செயற்குழுவிடம் நான் கேட்பவை இவை. ‘எ கிங் இன் நியூயார்க்’ படத்தை இந்த ஏப்ரல் விழாவிலேயே மறுபடி சேர்க்க வேண்டும். நிகழ்ச்சிநிரல் அச்சாகிவிட்டது என்பது காரணமாகாது. திருத்தத் தாள் ஒன்றை இணைத்து அனுப்பலாம், முன்பு பலமுறை அனுப்பியிருக்கிறோம். வேலைநாள் காலையில் பெயருக்குப் போட்டுக் கணக்குக் காட்டாமல், ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சியாக வைக்க வேண்டும். அதே நாளில், இதற்கு முன்னால் ‘தி கிட்’ படத்தைத் திரையிட வேண்டும். அது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மண்டபத்தை அதற்கேற்றபடி முன்பதிவு செய்யுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு நான் மேலே எழுதிய எதையும் விளக்க வேண்டியிராது.

படம் முடிந்து திரை இருளும்வரை விளக்கைப் போடக் கூடாது. பொன்னாடை, நினைவுப்பரிசு, வாழ்த்துரை அனைத்தையும் படம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நேரம் போதாமல் எதையாவது வெட்ட வேண்டி வந்தால் அவற்றை வெட்டுங்கள்.

தமிழ்ச் சப்டைட்டில் வேண்டும். செலவு என்று சொல்ல வேண்டாம். நானும் மொழிபெயர்ப்பில் பழக்கமுள்ள உறுப்பினர்கள் சிலரும் ஊதியமின்றிச் செய்துதருகிறோம். திரையிட இருக்கும் பிரதியை எங்களிடம் இந்த மாத இறுதிக்குள் கொடுங்கள். முழுவதும் முடியாவிட்டாலும் பள்ளிக்கூட வாக்குவாதம், விசாரணை, கடைசிச் சந்திப்பு ஆகிய மூன்றுக்கும் கட்டாயம் போட்டுவிடுவோம்.

விழா மலரில் இந்தப் படத்தைப் பற்றி ‘தளர்ந்த காலத்துப் படைப்பு’ என்று எழுதியிருக்கும் குறிப்பை நீக்குங்கள். பார்த்துவிட்டு உறுப்பினர்கள் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். பள்ளி மாணவர்களுக்கும் அவர்களோடு வரும் மூத்தவர்களுக்கும் அன்று கட்டணமின்றி அனுமதி கொடுங்கள். படத்துக்குப் பின் கலந்துரையாடலுக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, முதல் கேள்வியை மேடையில் இருப்பவர்கள் கேட்காமல் கீழே இருக்கும் பிள்ளைகளிடம் மைக்கைக் கொடுங்கள்.

இவற்றுக்கான பதிலை அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்குப் பின் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். மறுப்பதானால் யார் முன்மொழிந்து, எந்தக் காரணத்தால் மறுத்தீர்கள் என்பதையும் குறிப்பேட்டில் பதிவு செய்து உறுப்பினர்களுக்குக் காட்டுங்கள். பதில் வராவிட்டால் சங்க விதிகளின்படி உறுப்பினர்களின் கையெழுத்தைத் திரட்டி, சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டக் கோரும் மனுவைச் செயலாளரிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
சந்தா பாக்கியில்லாத உறுப்பினர் ஒருவர்